இரண்டாவது ஆளுக்கு ஒத்துவராதது

முப்பத்தொரு வருடம் நான் மற்றவர்களின் குளிர்சாதனப் பெட்டிகளைத் திறந்து பார்த்துச் சம்பளம் வாங்கினேன். தென் லண்டனில் ஓர் உள்ளூராட்சிக் கவுன்சிலில் உணவுச் சுகாதாரப் பரிசோதகர் வேலை. கடைக்காரர்களுக்கு என்னைப் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற சீட்டு ஒட்டியிருக்கவில்லை. நான் அதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மோர்டனில் எங்களுடையது மூன்று அறை வீடு. மகளின் முதல் பிரசவத்துக்காக மனைவி மெல்பேர்ண் போனார். ஆறு மாதம் என்றுதான் போனார். பிறகு இரண்டாவது பிள்ளை வந்தது, பிறகு மருமகனுக்கு வேலை மாறியது, இப்போது மூன்று வருடமாகிறது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டையென்றால் சமாதானம் பேசுவதற்காவது ஒரு முறை இருக்கும். சனிக்கிழமை காலையில் அழைப்பார். பேரன் போனைப் பிடுங்கித் தன் நெற்றியைக் காட்டுவான். பதினைந்து நிமிடம் நெற்றியைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது மனுசி எப்ப வாறா என்று கேட்டால் வாற மாசம் என்பேன். ஐந்தாவது மாதத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

வியாபாரம் தொடங்கப் போகிறேன் என்றபோது, ஓய்வூதியம் போதவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வேறு. வாரத்தில் ஒரு நாளாவது யாராவது என்னை எதிர்பார்த்திருந்து கதவைத் திறக்க வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது திறந்தார்கள்.

முதலீடு என்று எதுவும் கிடையாது. மனைவி விட்டுப்போன சட்டிகள், வேலையில் நான் விட்டுவராத வெப்பமானி, பழைய பொருள் விற்கும் தர்மக் கடையில் வாங்கிய சூடு காக்கும் பை, வயது போனவர்களுக்குக் கொடுக்கும் இலவச பஸ் அட்டை. அந்த அட்டையின் நிபந்தனைகளை முழுவதும் வாசித்தேன். மீன் குழம்பு கொண்டுபோகக் கூடாது என்று எங்கும் இல்லை. சமையலை மனைவி போன பிறகு கற்றுக்கொண்டிருந்தேன். கைப்பக்குவம் என்று எனக்கு எதுவும் இல்லை; வெப்பமும் நேரமும் அளவும் சரியாக இருந்தால் சோறு சோறாகத்தான் வரும்.

யோசனை எளியது. எங்கள் ஆட்களில் சாப்பாடு செய்து விற்பவர்கள் எல்லோரும் ஐம்பது பேருக்கு, எழுபது பேருக்குத்தான் செய்கிறார்கள். பிறந்தநாளுக்கும் பிள்ளைகள் தேவாலயத்தில் வாங்கும் முதல் நன்மைக்கும் செத்தவீட்டுக்கும் தட்டம் தட்டமாகப் போகிறது. டூட்டிங் கடைகளில் பார்சல் இருக்கிறது. ஆனால் அது இரட்டை ஷிப்ட் செய்கிற ஆளுக்குக் கட்டிய பார்சல். அறுபத்தைந்து வயதுக்கு மேல் தனியாக இருக்கும் ஒருவருக்கு, உப்பும் எண்ணெயும் குறைத்து, ஒரு கீரையும் ஒரு குழம்பும் ஒரு தேங்காய்ப்பால் சொதியும் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க யாரும் இல்லை. அந்த இடைவெளியை நான் எங்கிருந்து கண்டுபிடித்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டிலிருந்து சமைத்து விற்பதென்றால் இருபத்தெட்டு நாளுக்கு முன்பே கவுன்சிலில் பதிய வேண்டும். இந்த நகரத்தில் அதை இருபத்தொன்பது நாளுக்கு முன்பே செய்தவன் நானாகத்தான் இருப்பேன். பரிசோதனைக்கு ஓர் இளம் பெண் வந்தாள். நானும் அந்த வேலையில் இருந்தவன் என்றேன். “ஓ, அப்படியா” என்றாள். அலுமாரிகளைத் திறந்தாள், குழாயடியைப் பார்த்தாள், முழங்காலிட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் விளக்கடித்தாள். மூன்று வருடத்தில் என் வீட்டுக்குள் அவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். மன்னிக்க வேண்டும், விதி அனுமதிக்காது என்றாள். தெரியும். அதே வசனத்தைச் சொல்லி எத்தனையோ வீடுகளில், எத்தனையோ கடைகளில் நானும் கோப்பையை வாங்காமல் வந்திருக்கிறேன். கோப்பையை நீட்டிக்கொண்டு நிற்பவன் அதற்குப் பிறகு என்ன செய்வான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் போன பிறகு அதை நானே குடித்தேன். சுகாதார மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து கிடைத்தது.

பங்குக் கோயில் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் விளம்பரம் ஒட்டினேன். “ஒருவருக்கான மதியச் சாப்பாடு. வியாழக்கிழமைகளில் வீட்டுக்கே வரும்.” மூன்று வாரம் யாரும் அழைக்கவில்லை. தமிழ்ப் பூசைக்குப் பிறகு தேநீர் ஊற்றுகிற ஓர் அக்கா இருக்கிறார். பங்கில் யார் யாரோடு கதைப்பதில்லை என்ற விவரம் முழுவதும் அவரிடம் உண்டு. அவர்தான் என்னைப் பலகையடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“அண்ணை, உதை ஆரை நம்பிப் போட்டனீங்கள்?”

“தனிய இருக்கிற ஆக்களை.”

“தனிய இருக்கிற ஆக்கள், நாங்கள் தனிய இருக்கிறம் எண்டு போன் எடுத்துச் சொல்லுவினமோ? பிறகு பிள்ளையள் பாக்கேல்லையாம் எண்டு மோர்டன் முழுக்கக் கதை வரும். எங்கட சனம் ஐம்பது பேருக்கு ஓடர் குடுக்கும், பட்டினியும் கிடக்கும். ஒராளுக்கு எண்டு மட்டும் குடுக்காது.”

“அப்ப என்ன செய்யிறது?”

“அந்த ‘ஒருவருக்கான’ எண்டதை வெட்டுங்கோ. சாப்பாடு எண்டு மட்டும் போடுங்கோ. உங்கட மனுசி வந்தோடன சொல்லுங்கோ, அவவின்ர கையெண்டால் நானே பத்து எடுப்பன்.”

வெட்டினேன். ஒரு வாரத்தில் மூன்று வீடுகள் அழைத்தன. மூன்றும் இரண்டிரண்டு சாப்பாடு கேட்டன. என் கணிப்புத் தவறு, எல்லோரும் சோடியாகத்தான் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

சாப்பாடு விற்பவன் வாங்குபவரிடம் எது உடம்புக்கு ஒத்துவராது என்று கேட்டாக வேண்டும். பட்டியலில் பதினான்கு பொருட்கள். அதற்கு நானே ஒரு படிவம் செய்திருந்தேன். ஆளுக்கு ஒரு வரி: முதலாவது ஆள், இரண்டாவது ஆள். மோர்டனிலேயே இருந்த ஓர் அம்மா கதவை நான்கு விரல் திறந்து, “எல்லாம் ஒத்துவரும், வச்சிட்டுப் போங்கோ” என்றார். டூட்டிங் வீட்டில் வாசலில் வைத்துவிட்டு மணியை அடிக்கச் சொன்னார்கள். படிவத்தைக் கதவுக்கடியால் தள்ளினேன், அது திரும்பி வரவில்லை. மூன்றாவது வீடு சட்டனில்; அந்த மனிதர் மட்டும்தான் உள்ளே வரச் சொன்னார்.

என்னைவிட மூன்று வயது மூத்தவர். மன்னார்ப் பக்கம். மருத்துவமனை ஒன்றின் சலவைப் பகுதியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். மாடியில் ஓர் அறை வீடு. நான் அவரை அண்ணை என்றேன். நான் பார்த்த வேலையைக் கேட்டறிந்த அன்றிலிருந்து அவர் என்னை இன்ஸ்பெக்டர் என்றார். முதல் நாள் சாப்பாட்டுக்குள் வெப்பமானியை வைத்து, அறுபத்தாறு பாகை என்று எழுதிக்கொண்டேன்.

“அறுபத்தாறோ? உந்தக் காய்ச்சலுக்கு அம்புலன்ஸ் எல்லோ கூப்பிடோணும்.”

“அறுபத்து மூண்டுக்குக் கீழ போகக் கூடாது, அண்ணை. உங்களுக்கு என்ன ஒத்துவராது?”

“எனக்குக் கல்லும் ஒத்துவரும்.”

“ரெண்டாவது ஆளுக்கு?”

அவர் மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்தார். “மனுசிக்கு... இறால். இறால் ஒத்துவராது. மெல்லக் கதையுங்கோ, படுத்திருக்கிறா.”

அன்றிலிருந்து நாங்கள் மெல்லக் கதைத்தோம். வியாழன் பன்னிரண்டரைக்குப் போவேன். அவர் தன் சாப்பாட்டைச் சாப்பிடுவார். மற்றதை ஒரு தட்டால் மூடி வைப்பார், அவ எழும்பினதும் சாப்பிடுவா என்று. நான் எதிர்க் கதிரையில் இருப்பேன். பத்து நிமிடமாக இருந்தது ஒரு மணித்தியாலம் ஆனது. இரண்டு கிழவர்கள் குசுகுசுத்துக்கொண்டு, சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு. மருத்துவமனைச் சலவைக்கு வந்த சட்டைப் பைகளில் கிடந்த பொருட்களைப் பற்றிச் சொல்வார். ஒரு முறை யாருடையவோ பல்செட்டைக் கண்டெடுத்து, உரியவரைத் தேடி நான்கு வார்டுகளுக்குக் கொண்டு போனாராம். மூன்று பேருக்குச் சரியாக இருந்ததாம். நான் என் மனைவி வாற மாசம் வரப்போவதைப் பற்றிச் சொல்வேன். அவர் தலையாட்டுவார்.

போகும்போது, “அவ என்ன சொல்லுறா?” என்று கேட்பேன். அடுத்த வாரம் பதில் வரும். முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடவாம். சொதிக்குத் தேசிக்காய்ப் புளியைக் குறைக்கட்டுமாம். பருப்பு நல்ல பதமாம். நான் எழுதிக்கொண்டு வந்து அப்படியே செய்தேன். மனைவியின் சமையலை முப்பத்தைந்து வருடம் சாப்பிட்டபோது நான் ஒன்றும் சொன்னதில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்பது வீட்டில் வழக்கமாகியிருந்தது. இங்கே நான் கண்டிராத ஒரு பெண் ஒவ்வொரு வாரமும் என் கறிகளைப் பற்றி இரண்டு வசனம் சொல்லி அனுப்பினார். புதன்கிழமை இரவுகளில் எனக்கு நல்ல நித்திரை வந்தது. சமையலறைத் தரையில் ஓர் எலிப் புழுக்கை கிடந்தால் வாசலில் இருந்தே கண்டுபிடிப்பவன் நான். நான் போய் வந்த ஐந்து மாதமும் அந்த வீட்டுக் குழாயடியில் ஒரே ஒரு கோப்பைதான் காய்ந்துகொண்டிருந்தது. அதை நான் காணவில்லை.

இறால் மலிந்திருந்த ஒரு வாரம் எல்லோருக்கும் இறால் குழம்பு வைத்தேன். சட்டனில் இரண்டாவது ஆளுக்கு மட்டும் தனிச் சட்டி, தனிக் கரண்டி, மீன் குழம்பு, பெட்டியின் மூடியில் பெரிய எழுத்தில் சீட்டு. அடுத்த வியாழன் நான் கதிரையில் இருந்ததும் அவர் குசுகுசுத்தார்.

“இன்ஸ்பெக்டர், மனுசி சொன்னவ, போன கிழமை இறால் குழம்பு அந்த மாதிரி ருசியாம். இனியும் கொண்டு வரட்டாம்.”

“எந்த இறால் குழம்பு?”

“நீங்கள் கொண்டந்ததுதான்.”

“அண்ணை, அவவுக்கு இறால் ஒத்துவராதெல்லோ.”

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “கொஞ்சம்தான் தின்டவ.”

“கொஞ்சமோ! தொண்டை வீங்கினதோ? மூச்சு எடுக்க ஏலுமாய் இருந்ததோ? டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?”

“ஒண்டுமில்லை, சுகமா இருக்கிறா. மெல்லக் கதையுங்கோ.”

“நான் அவவை ஒருக்காப் பாக்க வேணும்.”

“படுத்திருக்கிறா.”

“எழுப்புங்கோ அண்ணை. இது விளையாட்டில்லை, ஆள் செத்துப் போகும்.”

என் சமையலில் ஒரு பெண்ணுக்கு ஏதும் ஆகியிருந்தால் என்ற பயம். அதோடு, கிழமைக்கு இரண்டு வசனம் சொல்லி அனுப்புகிறவர் இல்லாமல் போனால் என்ற வேறொரு பயமும். எழுந்து போய் அறைக் கதவைத் தட்டி, “அக்கா” என்றேன். கதவு பூட்டியிருக்கவில்லை, தானாகத் திறந்தது. ஒற்றைக் கட்டில். ஒரு தலையணை. சலவைக்காரருக்கே உரிய மடிப்புகளோடு ஆறு ஆண் சட்டைகள் கட்டிலின் மேல் அடுக்கி இருந்தன.

“அங்க ஒருத்தரும் இல்லை, இன்ஸ்பெக்டர்.”

குசுகுசுப்பு இல்லாமல் சொன்னார். அவருடைய உண்மையான குரலை அப்போதுதான் கேட்டேன். கரகரத்த பெரிய குரல்.

“எங்க போயிட்டா?”

“எங்கயும் போகேல்லை. வந்திருந்தால்தானே போறதுக்கு.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார். நான்கு தங்கைமார். ஒவ்வொருத்தியையும் கரை சேர்க்கச் சீதனம் அனுப்பி அனுப்பி, கடைசித் தங்கையின் கலியாணத்துக்குப் போனபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. அந்தக் கலியாண வீட்டில் யாரும் அவருக்கென்று ஒரு பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. பேசுகிற வயது கடந்துவிட்டது என்று அவரும் விளங்கிக்கொண்டார். மனைவி செத்துவிட்டாள் என்றால் சனத்துக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது, கட்டவேயில்லை என்றால் இந்த வயதில் என்ன குறை என்றுதான் பார்ப்பார்கள் என்றார். இரண்டாவது சாப்பாடு அவருடைய இராச் சாப்பாடு.

“அப்ப அந்த இறால்?”

“நீங்கள்தானே கேட்டனீங்கள். ரெண்டாவது ஆளுக்கு என்ன ஒத்துவராது எண்டு பேனையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டீங்கள். வாயில இறால் வந்திட்டுது.” துவாயால் கையைத் துடைத்தார். “பிறகு கிழமைக்குக் கிழமை அவவை விசாரிச்சீங்கள். அவவுக்கெண்டு சமைச்சுக் கொண்டு வந்தீங்கள். எனக்கும் ஆளை விட மனம் வரேல்லை.”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பார்கள். என் கை முந்திக்கொண்டது. பிழையான பதிவு என்று தெரிந்த பிறகு அதைத் திருத்தாமல் வைத்திருக்கக் கூடாது. பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். இரண்டாவது ஆள், இறால் என்ற வரியின் மேல் அடிமட்டம் வைத்தது போல ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் என் கையெழுத்தையும் திகதியையும் போட்டேன். படிவத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

“இதில ஒரு கையெழுத்து வையுங்கோ, அண்ணை.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, வரியை வாசித்து, கையெழுத்து வைத்தார்.

“முடிஞ்சுதோ?”

“ஓம்.”

“நல்ல காலம். செத்தவீட்டுச் செலவில்லை.”

சிரித்தார் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அது சிரிப்பா என்ற சந்தேகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை போனுக்குச் செய்தி வந்தது. இந்த வியாழன் வேண்டாம். அடுத்த செவ்வாயும் அதே வசனம். மூன்றாவது செவ்வாய் அதுவும் இல்லை. நான் மோர்டனுக்கும் டூட்டிங்குக்கும் கொண்டுபோனேன். நான்கு விரல் திறந்த கதவு, மணியை அடித்துவிட்டு இறங்கும் படி. பன்னிரண்டரைக்கு என் சமையலறையில் நின்று சொதியைக் குடித்துப் பார்த்தேன். புளி குறைவாகத்தான் இருந்தது. நல்லாயிருக்கு என்று சொல்ல ஆள் இல்லை. அந்த ஆள் எப்போதும் இருந்ததில்லை என்பது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அப்படித்தான் தோன்றியது. மனைவிக்கு இதைச் சொல்லலாம் என்று சனிக்கிழமை வரை காத்திருந்தேன். நெற்றி வந்தது.

வாடிக்கையாளர் முறைப்பாட்டுக்கு எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் “தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியம்” என்ற சொற்கள் வந்திருந்தன. கிழித்துப் போட்டேன். அடுத்த வியாழன் சமைக்கவில்லை. மற்ற இரண்டு வீடுகளுக்கும் முதல் நாளே அறிவித்துவிட்டு, பையும் படிவமும் வெப்பமானியும் இல்லாமல் சட்டன் பஸ்ஸில் ஏறினேன். என் ஆயுளில் காரணமில்லாமல் யாருடைய வாசல் மணியையும் நான் அடித்ததில்லை என்று படியேறும்போது கணக்கு வந்தது. விரலை எங்கே வைப்பது என்றே தெரியாதவன் போல நின்றேன்.

அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டபடி கதவைத் திறந்தார்.

“நான் சாப்பாடு சொல்லேல்லையே.”

“சாப்பாடு கொண்டு வரேல்லை.”

“அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?”

“சும்மா.”

“சும்மாவோ? கவுன்சில்காரர் சும்மா வந்ததா நான் கேள்விப்படேல்லை.”

“அண்ணை, அண்டைக்கு அந்த வரிக்கு மேல நான் கோடு கீறியிருக்கக் கூடாது.”

“கோடு பரவாயில்லை.” கழுத்துத் துணியைச் சுற்றினார். “கையெழுத்துக் கேட்டீங்கள் பாருங்கோ.”

வாயில் வேறொன்று வந்தது. “என்ர மனுசி வாற மாசம் வரமாட்டா. அதுக்கு அடுத்த மாசமும் வருவா எண்டு நான் நினைக்கேல்லை.”

“தெரியும்.”

“எப்பிடி?”

“மனுசி வரப்போற மனிசன் கிழமைக்குக் கிழமை என்ர கதிரையில வந்து குந்திக்கொண்டிருப்பாரோ?”

“தெரிஞ்சிருந்தும் நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை.”

“என்னட்டை உங்கட மாதிரிப் படிவம் இல்லை, இன்ஸ்பெக்டர்.”

கண் கிளினிக்குக்குப் போகிறாராம், பிந்துகிறதாம். கதவைப் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். உள்ளே வாங்கோ என்று சொல்வதற்கு அந்த நேரம் இடமிருக்கவில்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. படியிறங்கும்போது நான் ஒரு படி பின்னால் வந்தேன். பாதி வழியில் திரும்பாமலே சொன்னார்.

“வாற வியாழன் ஒண்டு கொண்டு வாங்கோ. ஒண்டு காணும். சொதிக்குத் தேசிக்காய் கூட விடுங்கோ. அவவுக்குத்தான் புளி கூடாது. நான் ஐஞ்சு மாசமாப் பச்சைத் தண்ணி குடிச்சமாதிரிக் குடிச்சன்.”

“ஓம்.”

“உள்ளுக்க கொண்டு வாறதோ, வாசலோட குடுக்கிறதோ எண்டு அண்டைக்குப் பாப்பம்.”

அவர் போக வேண்டிய பஸ் தெருவின் இந்தப் பக்கம், எனக்கு மற்றப் பக்கம். கடந்துபோய் எதிரில் நின்றேன். இரண்டு நிறுத்தங்களிலும் வேறு யாரும் இல்லை. நடுவால் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் ஒரு முறை என்னைப் பார்த்தார், பிறகு பஸ் வரும் திசையைப் பார்த்தார். அவருடைய பஸ் வந்து அவரை மறைத்தது. அது போனபோது அந்த நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. என் பக்கத்து நிறுத்தத்தின் மின்பலகையில் அடுத்த பஸ்ஸுக்குப் பதினொரு நிமிடம் என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது பன்னிரண்டாக மாறியது.